வைவாவில் இந்தக் குறையை நானே சொல்லலாமா?

தறிச்சத்தம்:
வணக்கம். உளவியல் துறையில் பிஎச்.டி. அடுத்த மாதம் 14ஆம் தேதி பொது வாய்மொழித் தேர்வு, அதாவது வைவா. எக்ஸ்டர்னல் (வெளித் தேர்வாளர்) அறிக்கை இரண்டும் நல்லபடியாக வந்துவிட்டன. ஆனாலும் ஒரு விஷயம் தூங்கவிடாமல் அரிக்கிறது.

விசைத்தறி ஓட்டும் பெண்களின் பதற்றம் பற்றியது என் ஆய்வு. பதற்றத்தையும் மனச்சோர்வையும் அளக்க 1983இல் வெளிவந்த எச்.ஏ.டி.எஸ். என்ற கேள்வித்தாள் அளவுகோலை உரிமம் வாங்கித் தமிழாக்கினேன். வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி பறப்பதுபோல் பயம் வருகிறதா என்று அதில் ஒரு கூற்று. அப்படியே தமிழில் போட்டுவிட்டேன். பள்ளிபாளையத்தில் ஓர் அக்கா தறியை நிறுத்திவிட்டு, "பூச்சி இருந்துச்சுங்க, போன மாசந்தான் மாத்திரை போட்டேன்" என்றார். அதற்குள் 180 பேரிடம் வாங்கி முடித்திருந்தேன். மொத்தம் 240 பேர்.

கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஆல்ஃபா, பதற்றப் பகுதிக்கு 0.66. அந்தக் கூற்றை எடுத்தால் 0.74. ஆய்வேட்டில் இதை ஒரே வரியில் கடந்துவிட்டேன், தேர்வாளர்கள் கவனிக்கவில்லை. கைடு, "கேட்டா சொல்லிக்கலாம்மா" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

வேப்பமரம்:
நீங்களே எடுத்துச் சொல்லுங்கம்மா. கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இருபது வருடம் உளவியல் பாடம் எடுத்தவன் நான். எத்தனையோ வைவாவில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். குறையை மறைக்கப் போய், ஒரு கேள்விக்கு மூன்று பதில் சொல்லித் திணறியவர்கள்தான் இன்னும் நினைவில் நிற்கிறார்கள்.

மறுமொழிபெயர்ப்பு செய்திருப்பீர்கள்தானே? பிரிஸ்லின் 1970இல் எழுதிய வழி அது: தமிழை வேறொருவர் திரும்ப ஆங்கிலமாக்குவார், மூலத்தோடு ஒப்பிடுவோம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பட்டாம்பூச்சி போய்ப் பட்டாம்பூச்சியாகவே திரும்பி வரும். ஒப்பிட்டவர் சரி என்று டிக் போட்டிருப்பார். அந்தச் சோதனையில் சிக்காததை, தறிக்கு முன்னால் நின்ற அந்த அம்மாள் ஒரு நொடியில் பிடித்துவிட்டார். நமக்குப் பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும், அடிவயிறு கலங்கும். வயிற்றில் பூச்சி என்றால் குடற்புழு மாத்திரைதான். முன்கூட்டியே பத்துப் பேரிடம் ஒவ்வொரு கூற்றையும் வாசித்து, "என்ன புரிஞ்சுது, உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டிருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். அளவுகோலைத் தமிழாக்கப் போகிற அடுத்த மாணவருக்கு உங்கள் ஆய்வேட்டிலேயே மிகவும் உதவுவது இந்தப் பக்கம்தான் என்பேன். அதை ஒரு வரியில் விட்டுவிடாதீர்கள்.

ஒரே ஓர் இடத்தில் கவனம் வேண்டும். கூற்றை எடுத்தால் ஆல்ஃபா ஏறுகிறது, சரி. ஆனால் ஏழு கூற்று, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, ஆக மொத்தம் 21 என்ற கணக்கில்தான் இத்தனை மதிப்பெண் வந்தால் பதற்றம் என்று பிரிக்கும் 8, 11 என்ற வெட்டுப்புள்ளிகள் நிற்கின்றன. ஆறு கூற்றாக்கிவிட்டு அதே 11ஐ வைத்து இத்தனை பேருக்குப் பதற்றம் என்று சொல்ல முடியாது. விவரமான எக்ஸ்டர்னல் இங்கேதான் கை வைப்பார். முடிவுகளை இரண்டு விதமாகவும் கணக்கிட்டு ஒரே ஸ்லைடில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

மூன்றாமாண்டு:
அக்கா, யு.ஜி.சி. 2022 விதிமுறைப்படி வைவாவுக்கு ஆசிரியர்கள், ஆய்வாளர்கள், மாணவர்கள் எல்லாரும் வரலாம். 14க்குள் எந்தத் துறையில் நடந்தாலும் போய் உட்காருங்க. நான் ஆறு பார்த்துட்டேன், பயம் பாதி குறைஞ்சுது.

இன்னொன்று. சில தேர்வாளர்கள் முகத்தில் ஓர் அசைவும் இருக்காது. ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1993இல் வெளியிட்ட மன அழுத்தச் சோதனையே அந்த மாதிரிதானே? முகபாவம் காட்டாத குழு முன்னால் பேசவைத்து, அப்புறம் 1022இலிருந்து 13, 13ஆகக் கழிக்கச் சொல்வாங்க. மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் ஏறிடும். அவங்க சும்மா பார்த்துட்டு இருந்தாலே நமக்கு நெஞ்சு படபடக்கும். அதை உங்க ஆய்வு பற்றிய தீர்ப்பா எடுத்துக்காதீங்க.

தறிச்சத்தம்:
ஐயா, நேற்று இரவே இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்தேன். இரவு ஷிப்டுக்கும் பதற்றத்துக்கும் உள்ள தொடர்பு 0.31, கூற்றை எடுத்தால் 0.33. வெட்டுப்புள்ளி வைத்துப் போட்ட அட்டவணை ஒன்றுதான் அடிவாங்குகிறது, அதையும் அப்படியே சொல்லிவிடுகிறேன். மறுமொழிபெயர்ப்புத் தாளை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னதுபோலவே அந்தக் கூற்றுக்கு நேராகப் பச்சை மையில் டிக். போட்டது நான்தான்.

கைடிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முதல் அஞ்சு ஸ்லைடுக்குள்ள வைம்மா" என்றார். அந்த அக்கா சொன்னதை, பெயர் போடாமல், அவர் பேச்சிலேயே போடப்போகிறேன்.

தம்பி, வியாழக்கிழமை சமூகவியல் துறையில் ஒரு வைவா இருக்கிறதாம். வருகிறாயா?