பாட்டி யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்? திருத்திய படங்களோடு உங்களுக்கு நேர்ந்தவை

நிழல்மடி:

மதிப்பீட்டு வகுப்பு (ஒருவர் எடுத்த படத்தைத் திரையில் போட்டு எல்லோரும் சேர்ந்து அலசுவது) எப்படி நடக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆவணப் புகைப்படப் பாடத்துக்குச் சக மாணவர் ஒருவர் வைத்த படம். கருப்பு வெள்ளை. நீளமான சுவர், அதன் இடது பக்கம் தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டி, மீதி முழுக்க வெறும் சுவர். பாட்டி அந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் எல்லோரும் தனிமையைப் பற்றியே பேசினோம்.

ஆசிரியர் எதுவும் சொல்லாமல் ரா ஃபைலை, அதாவது கேமரா பதிவுசெய்த திருத்தாத மூலக் கோப்பை, கேட்டு வாங்கி, அதே திரையில் பக்கத்தில் போட்டார். வலது ஓரத்தில் ஒரு பையன் நிற்கிறான். பாதி உடம்பு ஃப்ரேமுக்கு வெளியே. பாட்டியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறான், அவர் அவனைத்தான் பார்க்கிறார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு தொடங்கியிருக்கிறது. அந்தச் சிரிப்பு திருத்திய படத்திலும் அப்படியேதான் இருந்தது. அதைக் கவனித்தவர்கள்கூட கசப்பு என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

"இப்போது சொல்லுங்கள், எது நல்ல படம்?" ஆசிரியர் கேட்டது இவ்வளவுதான். பெரும்பாலான கைகள் பையன் இல்லாத படத்துக்கே உயர்ந்தன.

கட்டமைப்பை மட்டும் வைத்துச் சொன்னால் அந்தக் கைகளில் தவறில்லை. பையன் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறான், அவன் வெள்ளைச் சட்டை கண்ணை ஓரத்துக்கு இழுக்கிறது. ஓரங்களைச் சுத்தமாக வை, கண்ணைத் திசைதிருப்பும் எதையும் விடாதே என்றுதான் முதல் வகுப்பிலிருந்து படித்துவருகிறோம். அப்படிப் பழகிய கண்ணுக்கு ஒரு மனிதன் "இடையூறாக" தெரிகிறான் என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. இன்னொன்றும் உண்டு. படத்தை வைத்தவர் பையனை அழிக்கக் குளோன் ஸ்டாம்ப்பைத் (சுவரின் ஒரு துண்டை நகலெடுத்து அவன் மேல் ஒட்டும் கருவி) தொடாமல் வலது பக்கத்தைக் கிராப் செய்து வெட்டியிருந்தால் வகுப்பில் யாரும் வாயே திறந்திருக்க மாட்டார்கள். அப்போதும் பையன் இருந்திருக்க மாட்டான். இது எப்படிச் சரி, அது எப்படித் தவறு? உங்களுக்கு இப்படி ஏதாவது நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

டெஸ்க்காரன்:

கிராப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். நான் ஒரு நாளிதழின் பட டெஸ்க்கில், அதாவது படங்களைக் கவனிக்கும் பிரிவில், இருந்தேன். ஒரு ஊர்வலத்தில் தள்ளுமுள்ளு. கீழே விழுந்த ஒருவர், அவருக்கு மேலே குனிந்து கையை ஓங்கிய மாதிரி ஒரு காவலர். பக்கத்தில் ஒரு பத்திக்குத்தான் இடம் இருந்தது, வடிவமைப்பாளர் செங்குத்தாக வெட்டிப் பொருத்தினார். ஒரு பிக்சல்கூட மாறவில்லை. முழு ஃப்ரேமில் காவலரின் இன்னொரு கை விழுந்தவரின் முழங்கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தது. வெட்டியதில் அந்தக் கை போய்விட்டது.

மறுநாள் தொலைபேசியை நான்தான் எடுத்தேன். பேசியவர் படத்தில் விழுந்து கிடந்தவரே. "அவர் என்னை அடிக்கல சார், தூக்கிவிட்டார். ஊரே அவரைத் திட்டுது, நீங்க சொல்லுங்க" என்றார். திருத்தம் போட்டோம், சின்ன எழுத்தில், உள் பக்கத்தில். படம் போன இடமெல்லாம் அந்தத் திருத்தம் போகாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதனால் நிழல்மடி, கிராப் செய்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது உண்மை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். எந்தக் கருவியால் செய்தார் என்பது எனக்கு இரண்டாம்பட்சம். பாட்டி தனியாக இருந்தாரா, இல்லையா? இல்லையென்றால் அந்தப் படம் பொய். கிராப்பாலும் பொய், குளோனாலும் பொய், கேப்ஷனாலும் பொய்.

ரீடச்மேசை:

எல்லோரும் செய்திப் படத்தையே பேசுகிறீர்கள். உலகத்தில் எடுக்கப்படும் படங்களில் அது எத்தனை பங்கு? நான் போர்ட்ரெய்ட் ஸ்டுடியோ ஒன்றில் ரீடச்சிங், அதாவது முகப்படங்களைத் திருத்தும் வேலை, செய்தேன். அங்கே எல்லா முகத்துக்கும் ஒரே ஆக்‌ஷனை ஓட்டிவிடுவார்கள்: தோலை மழமழவென்று ஆக்கும், நிறத்தை ஒரு படி வெளுப்பாக்கும். யாரும் கேட்டு வாங்குவதில்லை, தானாக நடக்கும்.

ஒருநாள் ஒரு பெண் பிரிண்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். ஏதாவது குறையா என்று கேட்டேன். "நல்லா இருக்கு. என் நிறத்திலேயே ஒண்ணு கிடைக்குமா?" என்றார். அதையும் மெதுவாக, ஏதோ சலுகை கேட்பது போல. தன் நிறத்தைத் தன் படத்தில் கேட்டு வாங்க வேண்டிய நிலைமை. அந்தக் குரல் இப்போதும் ஒவ்வொரு முகத்தைத் திறக்கும்போதும் வருகிறது.

நிறத்தை மாற்றுவது அலங்காரம் மட்டும் என்று சொல்பவர்களுக்கு 1994 ஜூனில் வந்த அமெரிக்காவின் டைம் இதழின் அட்டையை நினைவுபடுத்துகிறேன். கொலை வழக்கில் கைதான முன்னாள் விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்சனின் காவல்துறைப் படத்தைக் கறுப்பாக்கி அச்சிட்டிருந்தார்கள். அதே படம் இன்னொரு இதழான நியூஸ்வீக்கின் அட்டையில் மாற்றமில்லாமல் வந்ததால் வாசகர்கள் இரண்டையும் ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள். அங்கே கருமையாக்கி ஒருவரைக் குற்றவாளி போலக் காட்டினார்கள், இங்கே வெளுப்பாக்கி அழகு என்கிறார்கள். இரண்டுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான்.

நான் இப்போது தனியாக வேலை செய்கிறேன். பரு போகலாம், இரண்டு வாரத்தில் தானே போய்விடும். மச்சம், தழும்பு, நிறம், மூக்கு எதையும் அவர் சொல்லாமல் தொடுவதில்லை.

பழையலேப்:

டெஸ்க்காரன் சொல்வதோடு எனக்கு உடன்பாடில்லை. கிராப்பும் குளோனும் ஒன்றல்ல. 2010இல் வேர்ல்டு பிரஸ் போட்டோ என்ற உலகச் செய்திப்படப் போட்டியில் பரிசு பெற்ற ஒரு தொடரை நீக்கினார்கள், பலருக்கும் நினைவிருக்கும். அதிலிருந்த ஒரு படம் வண்ணத்தில் எடுத்தது, கருப்பு வெள்ளையாக்கி, ஓரங்களை இருட்டாக்கி, பெரும்பகுதியை வெட்டியெறிந்திருந்தார்கள். அதெல்லாம் பிரச்சினை ஆகவில்லை. பின்னால் நின்றவரின் பாதத்தில் ஒரு துண்டை அழித்ததுதான் பிரச்சினை. கேலிக்கூத்து என்று அப்போது பலர் எழுதினார்கள். நான் அந்த முடிவின் பக்கம். ஃப்ரேம் எப்போதும் ஒரு தேர்வுதான் என்று பார்ப்பவருக்குத் தெரியும். அதற்கு வெளியே உலகம் தொடர்கிறது என்பதும் தெரியும். ஆனால் ஃப்ரேமுக்கு உள்ளே இருப்பதை அவர் முழுதாக நம்புகிறார். சுவர் இருக்கும் இடத்தில் சுவர்தான் இருந்தது என்று நம்புகிறார். அந்த நம்பிக்கையைத்தான் குளோன் உடைக்கிறது. 2014இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், சிரியாவில் எடுத்த ஒரு படத்தின் மூலையிலிருந்து வீடியோ கேமரா ஒன்றை அழித்த புகைப்படக்காரரோடு உறவை முறித்துக்கொண்டது. கேமரா அங்கே இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஒன்றை அழிக்கலாம் என்றால் அடுத்ததை எங்கே நிறுத்துவது?

என் அனுபவம் சின்னது. ஒரு போட்டியின் தேர்வுக் குழுவுக்கு உதவியாக இருந்தேன். இறுதிச் சுற்றுக்கு வந்த ஒருவரிடம் ரா கேட்டோம். திருத்தி முடித்த ஜேபெக்கையே (வழக்கமான படக் கோப்பு) டி.என்.ஜி.யாக (ரா வகைக் கோப்பு) மாற்றி அனுப்பினார். திறந்ததும் தெரிந்துவிட்டது. நேரில் வந்தபோது அவர் கோபப்படவில்லை, வெட்கப்படவும் இல்லை. "ஜெயித்த படமெல்லாம் இப்படித்தானே இருக்கு?" என்று உண்மையாகவே கேட்டார். பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது.

மாணவர்கள் படிக்கும் இடம் என்பதால் படம் பார்ப்பதைப் பற்றிச் சிலது சொல்லிவிடுகிறேன். முதலில் பேசாமல் பாருங்கள். கண் எங்கே போய் நிற்கிறது, எங்கிருந்து ஓடிவருகிறது என்று பாருங்கள். படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள், பழக்கம் மறைத்த சமநிலைக் கோளாறு உடனே தெரியும். உள்ளங்கையால் ஒவ்வொரு மூலையாக மூடிப் பாருங்கள். மூடும்போது படத்தின் பொருள் மாறினால் அந்த மூலை இடையூறு அல்ல, அதுதான் படம். அப்புறம் எல்லோரும் எங்கே பார்க்கிறார்கள் என்று பாருங்கள். பார்வை போகும் இடத்தில் எதுவும் இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள்.

திருத்தம் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் நூறு சதவீதப் பெரிதாக்கத்தில் ஓரங்களை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். ஒரே கறை, ஒரே விரிசல், ஒரே இலை இரண்டு இடத்தில் இருக்கும். 2006இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட பெய்ரூட் புகைப் படம் அப்படித்தான் பிடிபட்டது. ஒரே வடிவப் புகைச் சுருள் திரும்பத் திரும்ப வந்தது. அந்தப் புகைப்படக்காரரின் படங்கள் அத்தனையையும், 920 படங்களை, நிறுவனம் விற்பனையிலிருந்து நீக்கியது. நாய்ஸ் (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள்) எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். நிழல்கள் ஒரே திசையில் விழுகின்றனவா, கண்மணியில் தெரியும் வெளிச்சப் புள்ளி முகத்தில் விழும் வெளிச்சத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இதெல்லாம் நிரூபணம் அல்ல, கேள்வி கேட்கப் போதும். 2013இல் வேர்ல்டு பிரஸ் போட்டோ விருது பெற்ற காசா சவ ஊர்வலப் படத்தை வெட்டி ஒட்டியது என்று இணையமே சொன்னது. நிபுணர்கள் ரா ஃபைலோடு ஒப்பிட்டு, டோன் திருத்தம், அதாவது வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டிக் குறைத்தது, மட்டும்தான் என்றார்கள். சந்தேகப்படுவது வேறு, தீர்ப்புச் சொல்வது வேறு.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை டாட்ஜிங் (ஒரு பகுதியை வெளிச்சமாக்குவது), பர்னிங் (இருட்டாக்குவது) இரண்டும் ஃபிலிம் காலத்து டார்க்ரூமில் செய்ததுதான். அட்டையால் மறைத்துச் சில நொடி கூட்டுவோம், குறைப்போம். ஆனால் பின்னணியில் நிற்பவரைக் கரிய இருட்டாகும் வரை பர்ன் செய்தால் அதுவும் அழிப்புதான். திருத்திய ஃபைலில் லேயர்களை (ஒவ்வொரு திருத்தமும் தனியாக இருக்கும் அடுக்குகள்) ஒன்றாகச் சேர்த்துவிடாமல் வைத்திருங்கள். ராவை அழிக்காதீர்கள். கேப்ஷனைப் படம் எடுத்த அன்றே எழுதுங்கள்.

கூடுபார்ப்பவள்:

பழையலேப் அண்ணா, ரா ஃபைல் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும் என்பது போல எழுதியிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் ராவே பொய் சொன்னது.

பறவைப் படக் கண்காட்சி ஒன்றில் ஒரு படம் எல்லோரையும் நிறுத்தி வைத்தது. கூட்டில் குஞ்சுகள், வாயைத் திறந்துகொண்டு, தாய்ப் பறவை இரையோடு. பின்னணி தெளிவு, ஒரு இலைகூட குறுக்கே இல்லை. ரா கேட்டிருந்தால் எடுத்தவர் தைரியமாகக் கொடுத்திருப்பார், அதில் எதுவும் மாறவில்லை. நான் அந்த வகைப் பறவையின் கூடுகளைப் பல காலமாகப் பார்க்கிறவள். அது இலைக்குள் புதைத்துத்தான் கட்டும். கிட்டே போய்ப் பார்த்தேன். படத்தின் கீழ் ஓரத்தில் ஒரு குச்சியின் முனை, வெட்டுவாய் வெள்ளையாக, ஈரம் காயாமல். கிளைகளைக் கத்தரித்துவிட்டு எடுத்திருக்கிறார்.

அந்தக் குச்சியைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. இலை போனால் வெயில் நேராகக் குஞ்சின் மேல் விழும். இறகு முளைக்காத குஞ்சுக்கு அது தாங்காது. காக்கைக்கும் பருந்துக்கும் கூடு திறந்து கிடக்கும். பையனை அழித்தவர் பையனைப் படத்திலிருந்து மட்டும்தான் அழித்தார். இவர் நிஜத்திலேயே அழித்துவிட்டு எடுத்தார். 2009க்கான வைல்ட்லைஃப் போட்டோகிராஃபர் ஆஃப் தி இயர் (ஆண்டின் சிறந்த காட்டுயிர்ப் புகைப்படக்காரர்) விருது ஓநாய் ஒன்று வேலிக் கதவைத் தாண்டும் படத்துக்குப் போனது. அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கலாம் என்று நடுவர்கள் முடிவுசெய்து விருதைத் திரும்பப் பெற்றார்கள். அங்கேயும் கேள்வி பிக்சல் பற்றியது அல்ல.

ரீடச்மேசை:

பழையலேப், "ஃப்ரேமுக்கு வெளியே உலகம் தொடர்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரியும்" என்கிறீர்கள். டெஸ்க்காரனுக்குத் தொலைபேசியில் பேசியவரின் ஊருக்கு அது தெரிந்திருந்ததா? நம் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். பேப்பரைப் பிரித்தவர்களுக்குத் தெரியவில்லை.

பழையலேப்:

அந்தக் கிராப் தவறு, அதை மறுக்கவே இல்லை. அது செய்தி ஆசிரியரின் தவறு என்கிறேன். குளோன் என்பது படத்தை உருவாக்கியவரின் தவறு. இரண்டுக்கும் ஒரே தண்டனை கொடுத்தால் நாளைக்கு யாரும் லென்ஸ்கூட மாற்ற முடியாது. டெலிஃபோட்டோ (தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் லென்ஸ்) போட்டால் தூரம் சுருங்குகிறது, அதையும் பொய் என்பீர்களா?

டெஸ்க்காரன்:

நெரிசலே இல்லாத இடத்தை நெரிசல் என்று காட்ட டெலிஃபோட்டோ போட்டால், ஆமாம், பொய்தான். தண்டனையைப் பற்றி நான் பேசவில்லை. ராய்ட்டர்ஸ் 2015இல் ராவிலிருந்து செய்த படங்கள் வேண்டாம், கேமரா கொடுத்த ஜேபெக்கையே அனுப்புங்கள் என்று தன் ஃப்ரீலான்சர்களிடம் சொன்னது. வேகம் ஒரு காரணம், நம்பகம் இன்னொன்று. அந்த விதியால் என் ஊர்வலப் படத்தை ஒன்றும் செய்திருக்க முடியாது. கேமரா கொடுத்த படத்தைத்தான் நாங்கள் வெட்டினோம்.

நிழல்மடி:

எல்லோருக்கும் நன்றி. மூலையை மூடிப் பார்ப்பதை வகுப்பில் சொல்கிறேன். ஒரு விஷயம் மட்டும் சேர்க்க வேண்டும். அந்தப் படம் ஆவணப் பாடத்துக்கு வைக்கப்பட்டது. புனைவுப் படப் பாடத்துக்கு வைத்திருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன். ஆனாலும் பாட்டிக்கு அந்தப் பிரிண்ட்டைக் கொடுத்தால் என்ன சொல்வார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. கூடுபார்ப்பவள் அக்கா, அந்தக் கூட்டுப் படத்தைப் பற்றி யாரிடமாவது சொன்னீர்களா?

கூடுபார்ப்பவள்:

சொன்னேன் மா. ஒருங்கிணைப்பாளரைக் கூட்டிப்போய்க் குச்சியின் முனையைக் காட்டினேன். எடுத்தவர் காற்றில் ஒடிந்தது என்றார். காற்றில் ஒடிந்தால் நார் தெரியும், பட்டை கிழிந்து தொங்கும். இது கத்தியால் சாய்வாக வெட்டியது. படத்தை அன்று கண்காட்சியிலிருந்து அகற்றவில்லை. அடுத்த முறை வந்த விதிமுறையில் கூட்டில் இருக்கும் பறவை, குஞ்சுப் படங்கள் ஏற்கப்படாது என்று ஒரு வரி சேர்ந்திருந்தது.