யூகே கேர் விசா கையில இருக்கு, வேலை இல்லையாம். ஏறவா வேணாமா?

களுவாஞ்சிப் புள்ள:

எல்லாருக்கும் வணக்கம். யார்கிட்ட கேக்கிறதெண்டு தெரியாமத்தான் இங்க எழுதுறன், நீளமாப் போனா மன்னிச்சிக்கோங்க. நான் களுவாஞ்சிகுடிப் பக்கம், வயசு 31, அஞ்சு வயசில ஒரு மகள் இருக்கா. கேர்கிவர் என்விகியூ முடிச்சி மட்டக்களப்பு டவுன்ல ஒரு பிரைவேட் இடத்தில ரெண்டு வருசம் வேலை செஞ்சன். போன வருசம் எங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் மூலமா ஒரு ஏஜெண்டக் கண்டு, யூகேல முதியோர் பராமரிப்பு வேலை, சிஓஎஸ், அதான் கம்பனி குடுக்கிற ஸ்பொன்சர் சான்று, எடுத்துத் தருவம் எண்டு சொல்லி 38 லட்சம் கேட்டாங்க. அப்பாட வயல் ரெண்டு ஏக்கர் ஈடு வச்சம், என்ட தாலிக்கொடி உட்பட நகையெல்லாம் பேங்க்ல, மிச்சம் மாசம் நூத்துக்கு மூணு வட்டிக்கு. ஐஈஎல்டிஎஸ் இங்கிலீஷ் சோதினை எழுதி, கொழும்புக்குப் போய் ஐஓஎம் எண்ட குடிபெயர்வு நிறுவனத்தில டிபி டெஸ்ட் எடுத்து, பொலிஸ் ரிப்போர்ட் எடுத்து எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சன். ஜூன் மாசம் விசா வந்திச்சி, பாஸ்போர்ட்ல 90 நாள் ஸ்டிக்கர், செப்டம்பர் 14 வரைக்கும். அண்டைக்கு வீட்டில பொங்கலே பொங்கினம்.

ஆகஸ்ட் முதல் கிழமை கம்பனியில இருந்து மூணு வரியில ஒரு ஈமெயில். வெளிநாட்டு ஆள எடுக்கிறதுக்கு இருந்த தங்கட ஸ்பொன்சர் லைசன்ஸ ஹோம் ஆபீஸ், அதான் யூகே உள்துறை, எடுத்திட்டாம், வேலை தர ஏலாதாம், டிக்கட் போட வேணாமாம். நான் ஏஜெண்டுக்கு எடுத்தா அவர் சொல்றாரு, அக்கா நீங்க பயப்பட வேணாம் ஸ்டிக்கர் உயிரோடதானே இருக்கு, செப்டம்பர் 14க்கு முன்ன ஏறிட்டீங்கண்டா அங்க 60 நாள் குடுப்பாங்க அதுக்குள்ள வேற ஸ்பொன்சர் எடுத்துத் தாறன், அதுக்கு இன்னும் 8 லட்சம் ஆகும் எண்டு. அம்மா போகச் சொல்றா, இவர் வேணாம் எண்டுறாரு. மகளையும் கூட்டிட்டுப் போக ஏலாது, கேர் வேர்க்கருக்குக் குடும்பம் எடுக்கிறத 2024 மார்ச்சோட நிப்பாட்டினதால அவள அம்மாட்ட விட்டுட்டுத்தான் போக இருந்தன். ஒவ்வொரு நாளும் "அம்மா நாளைக்கா பிளேன்" எண்டு கேக்கிறாள். விசயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, ஏறவா வேணாமா?

கல்முனைக் காக்கா:

தங்கச்சி, நான் கல்முனை, இப்ப லெஸ்டர்ல இரிக்கன். நானும் இதே கேர் விசாவில 2023ல வந்தவன்தான், அதனால கொஞ்சம் விரிவாச் சொல்றன், பொறுமையா வாசிங்க.

ஏஜெண்ட் சொன்ன 60 நாள் கதை பொய்யில்ல, ஆனா அது உங்களுக்கு இல்ல. அது ஏற்கனவே இங்க வந்து வேலை செஞ்சிக்கிட்டு இரிக்கிறவனுக்கு. கம்பனிட லைசன்ஸ் போனா ஹோம் ஆபீஸ் கடிதம் அனுப்பும், கடிதத்தில இருந்து 60 நாளுக்குள்ள வேற ஸ்பொன்சர் எடுக்கோணும் இல்லாட்டி நாட்ட விட்டுப் போகோணும். நீங்க இன்னும் ஊர்லதானே இரிக்கீங்க, வெளிய இரிக்கிற ஆளுட ஸ்பொன்சர் லைசன்ஸ் போனா அந்த விசாவ ரத்துப் பண்ணுவாங்க. ஸ்டிக்கர் பாஸ்போர்ட்ல ஒட்டித்தான் இரிக்கும், ஆனா அவங்கட கம்ப்யூட்டர்ல அது செத்திரிக்கும். ஏறி வந்தா எயார்போட்ல வச்சே உள்ளுக்கு விடமாட்டம் எண்டு திருப்பி அனுப்பலாம். டிக்கட் காசும் போய் அந்த 8 லட்சமும் போய் நீங்க கட்டுநாயக்காவில வந்து நிப்பீங்க.

சரி, எப்படியோ உள்ளுக்கு வந்திட்டீங்க எண்டே வைங்க, மறுகா என்ன செய்யிறது? அந்த விசாவில பேர் போட்டிரிக்கிற கம்பனியிலதான் வேலை செய்யலாம். கடையில நிண்டாலும், யார்ர வீட்டிலயும் கைக்காசுக்கு வேலை செஞ்சாலும் சட்டப்படி குற்றம், பிறகு எந்த விசாவும் கஷ்டம். எனக்கு 2024ல கம்பனி லைசன்ஸ் போன நேரம் ஒரு ரூம்ல நாலு பேர் இரிந்தம். ராவு பகலா ஈமெயில் அனுப்பினன், இருநூத்துக்கு மேல இரிக்கும், கடைசிக் கிழமையில அல்லாஹ்ட உதவியால ஒரு கேர் ஹோம்ல எடுத்தாங்க. கூட இரிந்த மூணு பேர்ல ரெண்டு பேர் திரும்பிப் போயிட்டாங்க. அதுவும் 2024ல. இப்ப சட்டமே வேற, 2025 ஜூலை 22ல இருந்து வெளிநாட்டில இருந்து புதுசாக் கேர் வேர்க்கர் எடுக்கிறத முழுசா நிப்பாட்டிட்டாங்க. வேற ஒரு கம்பனி நல்ல மனசோட உங்கள எடுக்க வந்தாலும் ஊர்ல இரிக்கிற உங்களுக்குப் புது சிஓஎஸ் போட ஏலாது. இது ஏஜெண்டுக்குத் தெரியாம இரிக்காது.

முதல்ல ஒரு வேலை செய்ங்க. யூகே கவர்மெண்ட் வெப்சைட்ல லைசன்ஸ் உள்ள ஸ்பொன்சர்மார்ட பட்டியல் இரிக்கி, காசில்லாமப் பாக்கலாம், அடிக்கடி புதுப்பிப்பாங்க. உங்கட கம்பனிட பேர் அதில இரிக்கா எண்டு தேடுங்க. ஈமெயில் உண்மையா இல்லையா எண்டு அதிலயே தெரிஞ்சிரும். விசாவப் பத்தி இன்னும் கேக்கோணுமெண்டா இமிக்ரேஷன் அட்வைஸ் அதோரிட்டியில பதிஞ்ச ஆள்ட்ட மட்டும் கேளுங்க, அதுட பழைய பேர் ஓஐஎஸ்சி. ஃபேஸ்புக்ல விசா அண்ணன் எண்டு திரியிறவன்ட்ட கேக்காதீங்க.

இன்னொண்டு. சிஓஎஸ்ஸுக்கு ஹோம் ஆபீஸ் கம்பனிட்ட எடுத்தது யூகே காசில 239 பவுண், 2025 ஏப்ரல்ல இருந்து 525. அது கம்பனி கட்ட வேண்டிய காசு, இப்ப தொழிலாளிட்ட வாங்கவே கூடாதெண்டு சட்டம் இரிக்கி. நீங்க 38 லட்சம் குடுத்தது எதுக்கெண்டு விளங்குதா? நெஞ்சு பத்துது தங்கச்சி, நானும் குடுத்தவன்தான்.

ஏறாவூர் பொடியன்:

எல்லாரும் பயம் காட்டுறீங்க. என்ட மச்சினிட கூட்டாளி ஒருத்தி கம்பனி வேணாமெண்டு சொல்லியும் போனவ, எயார்போட்ல ஒண்டும் கேக்கல, இப்ப நல்லா இருக்கா. நான் எண்டா போயிருவன். இங்க இருந்து வட்டி கட்ட ஏலுமா?

கல்முனைக் காக்கா:

தம்பி, அவ எந்த வருசம் வந்தவ? கம்பனி லைசன்ஸ் போனதா இல்ல வேலை மட்டும் இல்லையெண்டதா? அது ரெண்டும் ஒண்டில்ல. உள்ளுக்கு விட்ட ஒருத்திட கதைய வச்சி அஞ்சு வயசுப் புள்ள இரிக்கிற ஒரு தாய ஏறச் சொல்லாதீங்க. திருப்பி அனுப்பப்பட்டவங்க ஊருக்கு வந்து யார்ட்டயும் சொல்றல்ல, அதனாலதான் நல்ல கதை மட்டும் காதுக்கு வருது.

வாவிக்கரை:

தங்கச்சி, விசாக் கதைய காக்கா சொல்லிட்டாரு, நான் காசப் பத்திச் சொல்றன். என்ட தம்பி 2022ல ருமேனியாவுக்கெண்டு காசு கட்டினவன், அவனுக்கும் விசா வந்த பிறகுதான் வேலை இல்லையெண்டாங்க. ஒண்டரை வருசம் அலைஞ்சி கட்டினதில பாதிக்குக் கிட்ட எடுத்தம். மிச்சம் ஏன் போச்செண்டா நாங்க விட்ட பிழையால, அதச் சொல்லத்தான் எழுதுறன்.

முதல் பிழை, கோவத்தில ஏஜெண்டுக்கு எடுத்துப் பேசினது. நீ கள்ளன் உன்ன பொலிசுல குடுப்பன் எண்டு தம்பி ஏசின அடுத்த நாள் அந்த ஆள் நம்பர மாத்திட்டாரு, வாட்ஸ்அப்ல தான் அனுப்பின மெசேஜ் எல்லாத்தையும் அழிச்சிட்டாரு. நீங்க இப்ப ஒண்டும் காட்டிக்கொள்ளாம, யோசிச்சிச் சொல்றன் எண்டு மட்டும் சொல்லி, இருக்கிற மெசேஜ், வொய்ஸ், பேங்க் சிலிப், விளம்பரம், அந்தக் கம்பனி ஈமெயில் எல்லாத்தையும் வேற ஒரு இடத்தில எடுத்து வைங்க. திகதி வாரியா ஒரு கொப்பியில எழுதுங்க, எந்த நாள் எவ்வளவு, யார்ட கையில, கூட யார் நிண்டது எண்டு. பிறகு போய் நிக்கிற ஒவ்வொரு இடத்திலயும் இதத்தான் கேப்பாங்க.

ரெண்டாவது, ஏஜெண்டுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்பு பணியகத்திட லைசன்ஸ் இருக்கா எண்டு நாங்க கடைசியாத்தான் பாத்தம். பணியகத்திட வெப்சைட்லயே பாக்கலாம், அவங்கட 1989 எண்ட ஃபோன் நம்பருக்கு எடுத்தும் கேக்கலாம். லைசன்ஸ் இருந்தா அவங்க பணியகத்தில வங்கி உத்தரவாதம் வச்சிருக்கோணும், அதனால முறைப்பாடு குடுத்தா ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு விசாரிக்கிற நேரம் அவங்களுக்குப் பயம் இருக்கும். லைசன்ஸ் இல்லாட்டி, இல்லாம ஆள் அனுப்பினதே 1985ம் ஆண்டு 21ம் இலக்கச் சட்டத்தில குற்றம், அதுக்கு மேல ஏமாத்தினதுக்குப் பொலிஸ் முறைப்பாடும் போடலாம். எங்கட ஆளுக்கு லைசன்ஸே இல்ல, வேற ஒரு ஏஜென்சிட பேரக் காட்டித்தான் காசு வாங்கியிருக்காரு. உடன பத்தரமுல்லையில இருக்கிற பணியகத்துக்கு ஓட வேணாம், உங்கட பிரதேச செயலகத்தில வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர் எண்டு ஒருத்தர் இருப்பார், முதல்ல அவரக் காணுங்க, பாரம் நிரப்ப உதவி செய்வாங்க. லோயருக்குக் காசில்லாட்டி மட்டக்களப்பில சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு, வருமானம் குறைஞ்சவங்களுக்குக் காசில்லாம செஞ்சி தருவாங்க.

மூணாவதுதான் பெரிய பிழை. அஞ்சு லட்சம் தாறன் எண்டு கூப்பிட்டு ஒரு கடதாசியில கையெழுத்து வாங்கினாங்க, சிங்களத்தில எழுதியிருந்திச்சி, தம்பி வாசிக்காமப் போட்டுட்டான். இனி ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்ல எண்டுதான் அதில இருந்திச்சாம். நீங்க எதிலயும் கையெழுத்து வைக்க வேணாம், பாஸ்போர்ட்டையும் யார்ட கையிலயும் குடுக்க வேணாம், விசா கென்சல் பண்ணித் தாறன் எண்டு கேட்டாலும்.

அக்கரைப்பற்று சேர்:

மேல சொன்னதெல்லாம் சரி, நான் வட்டிய மட்டும் சொல்றன். பேங்க்ல இருக்கிற நகைக்கு வட்டி கொஞ்சம் பொறுக்கும், வயலையும் பெரும்போகம் முடியிற வரைக்கும் பேசிப் பாக்கலாம், ஆனா அந்த நூத்துக்கு மூணுதான் ஆளைத் தின்னும். கடன் தந்தவரிட்ட இப்பவே போய் நடந்தத உள்ளபடி சொல்லுங்க. ஒளிச்சா வேற யார்ட வாயிலயும் கேள்விப்பட்டு வாசலுக்கு வருவாங்க. அந்த 8 லட்சத்தக் கடன்பட்டு எடுக்க மட்டும் போக வேணாம் மகள், அத எடுக்காட்டியே உங்களுக்கு மாசம் 24,000 வட்டி மிச்சம். ஊருக்கு என்ன சொல்றதெண்டு யோசிக்காதீங்க, பிழை செஞ்சது நீங்க இல்ல.

களுவாஞ்சிப் புள்ள:

எல்லாருக்கும் நன்றி, ராத்திரி இவரும் நானும் இருந்து எல்லாத்தையும் வாசிச்சம். பட்டியல்ல தேடினம், கம்பனி பேர் இல்ல. ஏஜெண்ட் தந்த லைசன்ஸ் நம்பர 1989ல கேட்டா அது வேற ஒருத்தர்ட பேர்ல இருக்காம். நான் போகல. அம்மா இன்னும் அழுறா, ஆனா காக்கா எழுதினத வாசிச்சிக் காட்டின பிறகு போ எண்டு சொல்றல்ல. மகளுக்கு பிளேன் இப்ப இல்ல எண்டு சொல்லிட்டன், சரி எண்டுட்டு விளையாடப் போயிட்டாள்.

திங்கக்கிழமை காலையில பிரதேச செயலகத்துக்குப் போறம். ஒரு கேள்வி மட்டும். 26 லட்சத்துக்கு பேங்க் சிலிப் நாலு இருக்கு, மிச்சம் 12 லட்சம் கையில குடுத்தது, துண்டு ஒண்டும் தரல. ஆனா அண்டு பின்னேரம் "அக்கா 12ம் கிடைச்சி, இனி விசா வந்த மாதிரித்தான்" எண்டு அவர் அனுப்பின வொய்ஸ் ஒண்டு என்ட ஃபோன்ல கிடக்கு. அது செல்லுமா?

வாவிக்கரை:

செல்லும் எண்டுதான் எங்களுக்கு சட்ட உதவியில சொன்னாங்க, ஒலிப்பதிவ சாட்சியா எடுக்க 1995ம் ஆண்டு 14ம் இலக்கச் சட்டம் இருக்காம். ஆனா அந்த மெசேஜ் வந்த ஃபோனே வேணும், வேற ஃபோனுக்கு அனுப்பினது மட்டும் காணாது. அந்த ஃபோன ரிப்பேருக்குக் குடுக்க வேணாம், வாட்ஸ்அப்ப அழிச்சி மறுகாப் போட வேணாம், மகள்ட கையில விளையாடக் குடுக்கவும் வேணாம். திங்கக்கிழமை சார்ஜ் போட்டு அதையே கொண்டு போங்க. 12 லட்சம் குடுக்கிற நேரம் இவரும் கூட நிண்டிருந்தா அவரையும் கூட்டிட்டுப் போங்க, அவரும் வாக்குமூலம் குடுக்கலாம்.

களுவாஞ்சிப் புள்ள:

நிண்டவர் அக்கா, காச எண்ணிக் குடுத்ததே இவர்தான். கூட்டிட்டுப் போறன்.