இக்னைட்டர் எரிந்தும் ராக்கெட் எஞ்சின் பற்றவில்லை: காரணம் என்னவாக இருக்கும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வசிக்கும் நான், பத்து வயது மகளுடன் சேர்ந்து ஒரு சிறிய மாதிரி ராக்கெட்டைக் கட்டி முடித்தேன். அதில் கடையில் வாங்கிய சி6-5 எஞ்சினைப் பொருத்திச் சனிக்கிழமை ஏவ முயன்றோம். இரண்டு முறையும் அது கிளம்பவில்லை. முதல் முறை, சாவியைச் செருகியதும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் விளக்கு எரிந்தது, ஆனால் பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தும் எதுவும் நடக்கவில்லை. மின்கம்பி முனைகளிலுள்ள கிளிப்புகளைத் துடைத்து, பேட்டரிகளையும் மாற்றி, புது இக்னைட்டருடன் (எஞ்சினைப் பற்றவைக்கும் சிறு கம்பி) மீண்டும் முயன்றபோது ‘புஸ்’ என்ற ஒலியும் சிறிது புகையும் வந்ததோடு சரி. எஞ்சின் கெட்டுவிட்டதா? கார் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கலாமா? எஞ்சினின் அடியில் வாயு வெளியேறும் நாசில் துளையைச் சற்று அகலப்படுத்தினால் பற்றுமா? மகள் மிகவும் வாடிப்போயிருக்கிறாள். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1

வணக்கம் ஐயா. எதற்கும் முன்னால் ஒரு வேண்டுகோள்: நாசிலைத் தொடாதீர்கள். அந்தக் களிமண் துளையின் அளவுதான் எஞ்சினுக்குள் உருவாகும் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. அதை மாற்றினால் எஞ்சின் எப்படி எரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. 1957-இல் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்த காலத்தில் வீட்டிலேயே எரிபொருள் கலந்து காயப்பட்ட சிறுவர்கள் பலர். அந்த ஆபத்தைத் தவிர்க்கத்தான் மாதிரி ராக்கெட் முன்னோடிகளான ஆர்வில் கார்லைலும் ஹாரி ஸ்டைனும், ஆலையில் நிரப்பி மூடிய, ஒருமுறை மட்டுமே பயன்படும் எஞ்சினை இந்தப் பொழுதுபோக்கின் அடிப்படையாக்கினார்கள். அந்த எஞ்சினைத் திறப்பதோ திருத்துவதோ கூடாது என்பதில் நான் மிகவும் கண்டிப்பானவன்.

இனி உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். சாவியைச் செருகும்போது மின்னோட்டம் விளக்கின் வழியாகவே இக்னைட்டருக்குப் போகிறது. விளக்கின் மின்தடை அதைச் சொற்ப அளவில் நிறுத்திவிடுகிறது. பொத்தானை அழுத்தும்போதுதான் விளக்கைச் சுற்றிக்கொண்டு முழு மின்னோட்டமும் பாய்கிறது. இக்னைட்டரிலுள்ள மெல்லிய நிக்ரோம் கம்பி பழுக்கச் சிவப்பதற்குச் சுமார் 2 ஆம்பியர் தேவைப்படும். ஆகவே விளக்கு எரிந்தால் சுற்று முழுமையாக இருக்கிறது என்றுதான் பொருள். பேட்டரிக்கு வலு இருக்கிறது என்றோ, கிளிப்பில் கரி படியவில்லை என்றோ பொருள் இல்லை.

பயன்படுத்திய இரண்டு இக்னைட்டர்களையும் எடுத்துப் பாருங்கள். முனை அப்படியே இருந்தால் குறை மின்சாரத்தில். முனை கருகியிருந்தால் மின்சாரம் தன் வேலையைச் செய்துவிட்டது, ஆனால் முனை எஞ்சினுக்குள் இருக்கும் எரிமருந்தைத் தொடவில்லை.

கேட்டவர்

மிக்க நன்றி. முதல் இக்னைட்டரின் முனை புதிதுபோலவே இருக்கிறது. இரண்டாவது கருகி, கம்பியும் அறுந்திருக்கிறது. இக்னைட்டரை நாசிலுக்குள் பிடித்துவைக்க, தொகுப்பில் வந்த பிளாஸ்டிக் அடைப்பான் தொலைந்துபோனதால், கம்பிகளைக் காகித நாடாவால் ஒட்டியிருந்தேன்.

பதில் 2

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அடைப்பான் இல்லாததுதான் இரண்டாவது தோல்விக்குக் காரணம் என்று நினைக்கிறேன். முதலைவாய் கிளிப்புகளை மாட்டியதும் அவற்றின் எடையே இக்னைட்டரைக் கீழே இழுத்துவிடும். ஓர் அரிசி நீளம் இறங்கினாலும் போதும். சுடர் நாசிலுக்குள்ளேயே எரிந்து அணைந்துவிடும், அதற்கு மேலே இருக்கும் கருமருந்தில் பற்றாது. அந்த எஞ்சினின் அளவுக்குரிய அடைப்பானையே வாங்குங்கள். இக்னைட்டரை முட்டும்வரை உள்ளே தள்ளி, அடைப்பானை அழுத்திச் செருகி, இரு கம்பிகளையும் எதிரெதிர்ப் பக்கமாக வளைத்து, கிளிப்புகள் ஒன்றையொன்று தொடாமல் மாட்டுங்கள். கிளிப்பின் பற்களை உப்புத்தாளால் தேய்ப்பதும் நல்லது. கருமருந்து எஞ்சின் ஒன்றுக்கு நான்கு புதிய ஏஏ பேட்டரிகளின் 6 வோல்ட் போதும்; கார் பேட்டரி தேவையில்லை.

மருந்து பற்றாததால் எஞ்சின் கெட்டுப்போகவில்லை. ஆனால் வெயிலில் நிற்கும் காருக்குள் அதை வைக்காதீர்கள். சூடாகிக் குளிரும்போது மருந்துக்கும் காகித உறைக்கும் இடையே விரிசல் விழுந்தால், தீ பக்கவாட்டிலும் பரவி எஞ்சின் வெடித்துவிடும்.

பதில் 1

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். மீண்டும் பற்றாவிட்டால், சாவியை எடுத்துவிட்டு 60 விநாடி காத்திருந்த பிறகே அருகில் செல்லுங்கள். சி வகை எஞ்சினுக்கு ஏவும்போது குறைந்தது 15 அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதை மகளிடமும் சொல்லி வையுங்கள்.

கேட்டவர்

இன்று காலை அதே எஞ்சினுடன், புது இக்னைட்டரும் சரியான அடைப்பானும் பொருத்தி ஏவினோம். கிளிப்புகளை மாட்டிய பிறகு மகள் குனிந்து பார்த்து, கம்பி இறங்கவில்லை என்று உறுதி செய்தாள். பொத்தானை அழுத்திய கணமே ராக்கெட் கிளம்பிவிட்டது. இரண்டு விநாடிக்குள் மருந்து தீர்ந்தது. அதன் பின் அவள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி ஐந்தை எட்டியபோது பாராசூட் விரிந்தது. சி6-5 என்ற பெயரிலுள்ள கடைசி எண் எதைக் குறிக்கிறது என்று இனி நான் அவளுக்கு விளக்கத் தேவையில்லை.