மறு: ஆக்டேன் எண் – 'தர எண்' வேண்டாமே

அன்புள்ள நண்பர்களே,

நம் கலைச்சொல் பட்டியலில், பெட்ரோல் பங்கில் 91, 95 என்று காட்டுகிற ஆக்டேன் எண்ணுக்கு நேராக 'தர எண்', 'திறன் எண்' என்று இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. இரண்டும் வேண்டாம் என்பது என் கட்சி. சொல் அழகாக இல்லை என்பதற்காகச் சொல்லவில்லை, இரண்டுமே ஆளைத் தப்பான பெட்ரோல் போட வைக்கும்.

எங்கள் கீழக்கரைப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருப்பார். துபாயில் 98, 95, 91 என்று மூன்று வகை, சவூதியில் 91, 95. அங்கே பெரிய வண்டிக்கு 95 போட்டுப் பழகியவர் விடுப்பில் ஊருக்கு வந்ததும் தம்பியின் சின்னக் காரைப் பங்கில் நிறுத்தி, "சாதா வேணாம், அந்த உசத்தியானதைப் போடு" என்கிறார். அந்த வண்டியின் கையேட்டிலும் டேங்க் மூடியின் உட்புறத்திலும் 91 போதும் என்றுதான் போட்டிருக்கிறது. கூடுதலாகக் கொடுத்த காசுக்கு மைலேஜும் வராது, பிக்கப்பும் வராது. அகராதியில் நாமே 'தர எண்' என்று எழுதி வைத்துவிட்டு அவரைக் குறை சொல்ல முடியுமா?

அந்த எண் எதைத்தான் சொல்கிறது? பிளக் பொறி விட்டதும் சிலிண்டருக்குள் தீ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சீராகப் பரவ வேண்டும். அது வந்து சேர்வதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகவே பற்றிக்கொண்டால் இரும்பில் சுத்தியல் பட்டது மாதிரி சத்தம் கேட்கும். நம் கரையோரம் முழுக்கச் சமதரை, பாம்பன் பாலத்தை விட்டால் ஏற்றம் என்று சொல்ல வேறு ஒன்றும் கிடையாது. பழைய கார் வைத்திருப்பவர்கள் மத்தியான வெயிலில் ஏசியைப் போட்டு, ஆளையும் நிறைய ஏற்றிக்கொண்டு, கியரைக் குறைக்காமல் நாலாவதிலேயே மிதித்து அந்த ஏற்றத்தில் ஏறிப் பாருங்கள், காதில் விழும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பது இதைத்தான். புது வண்டிகளில் இதை உணர்கிற சென்சார் இருக்கிறது, பொறி விடுவதைச் சற்றுத் தள்ளிப்போட்டுச் சத்தத்தை அடக்கிவிடும். பதிலுக்கு இழுவை கொஞ்சம் குறையும்.

ஆக, இந்தத் தட்டலை எரிபொருள் எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவுதான் அந்த எண், வேறெதுவும் இல்லை. நன்றாகத் தாங்கும் ஐசோ ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100, எளிதில் தட்டும் ஹெப்டேன் என்ற திரவத்துக்கு 0 என்று வைத்துக்கொண்டார்கள். 91 என்றால், 91 பங்கு முன்னதும் 9 பங்கு பின்னதும் கலந்த கலவை எந்த அளவுக்குத் தாங்குமோ அந்த அளவுக்கு இந்தப் பெட்ரோலும் தாங்கும் என்று பொருள். இதில் ஒரு வேடிக்கை, அணுச் சங்கிலியில் கிளை இல்லாத நேர் ஆக்டேனின் ஆக்டேன் எண் சுழியத்துக்கும் கீழே. அதனால், ஆக்டேனில் இருக்கும் எட்டுக் கரிம அணுக்களை வைத்துச் சொல் கட்டலாம் என்ற யோசனையும் எனக்குச் சரிப்படவில்லை.

'திறன் எண்' ஏன் கூடாது என்பதற்குப் பெட்ரோலில் கலக்கும் எத்தனாலே சாட்சி. அதன் எண் 108-ஐ ஒட்டி வரும், ஆனால் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. எண் ஏறினால் திறன் ஏறும் என்றால் இது எப்படி? அதிக அழுத்தத்தில் ஓடும் இன்ஜினுக்கும் டர்போ வைத்த சில இன்ஜின்களுக்கும் உயர்ந்த எண் தேவைப்படும், அவற்றின் கையேட்டிலேயே அது இருக்கும். மற்ற வண்டிகளுக்கு அது வீண்செலவு.

என் பரிந்துரை: தட்டெதிர்ப்பு எண். தயவுசெய்து சேர்த்து எழுதாதீர்கள், 'தட்டெதிர்ப்பெண்' என்று அச்சானால் யாரோ ஒரு பெண் சண்டைக்கு நிற்பது போல ஆகிவிடும்.

கீழக்கரையிலிருந்து

—

அண்ணே, வணக்கம். 'தர எண்' போகட்டும், எனக்கும் சம்மதம். ஆனால் 'தட்டல்' இடிக்கிறது. வால்வைத் தள்ளும் டாப்பெட்டின் சத்தத்தையும் நாங்கள் தட்டுது என்றுதானே சொல்கிறோம்? பட்டறையில் குழப்பம் வருமே. 'முன்வெடிப்பு' என்று வைத்தால் என்ன? இன்னொன்று, கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் பங்கிலேயே 'ஒக்டேன் 92', 'ஒக்டேன் 95' என்று சனங்கள் கேட்டு வாங்குகிறார்கள். புழங்குகிற சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

தொண்டியிலிருந்து

—

தம்பி, 'முன்வெடிப்பு' வேறு நோய். பொறி விழுவதற்கு முன்பே, காய்ந்து சிவந்த கரித்துணுக்கோ பிளக் முனையோ கலவையைப் பற்றவைப்பது அது. நாம் பேசுவது பொறி விழுந்த பிறகு நடப்பது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால்தான் பட்டறையில் நிஜமான குழப்பம். டாப்பெட் சத்தம் வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே கேட்கும், இது பாரம் ஏறும்போது மட்டும் வரும். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேண்டுமானால் அதை 'டாப்பெட் தட்டல்' என்றும் இதை 'எரிதட்டல்' என்றும் பிரித்துக்கொள்வோம். எண்ணின் பெயரில் 'தட்டெதிர்ப்பு' அப்படியே இருக்கட்டும்.

இலங்கை வழக்கை ஒப்புக்கொள்கிறேன். பங்கில் ஆக்டேன் என்றே கேட்கட்டும், பதிவிலும் அதை இணைச்சொல்லாகப் போடுவோம். விளக்கம் எழுதும் இடத்தில்தான் எனக்கு இந்தச் சொல் வேண்டும்.

அப்புறம் டீசலையும் இப்போதே முடித்துவிடலாம். மண்டபம், ராமேசுவரம் விசைப்படகுகளெல்லாம் டீசல்தானே, அங்கே கதையே தலைகீழ், சீக்கிரம் பற்ற வேண்டும். சீட்டேன் எண் அதைத்தான் அளக்கிறது, பிஎஸ் 6 (பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதி) டீசலுக்குக் குறைந்தது 51. 'பற்று எண்' என்றால் கணக்குப் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள், 'தீப்பற்று எண்' என்று வைக்கலாம்.

மீதி இருப்பது பெட்ரோலின் ஆக்டேன் எண்ணை அளக்கும் இரண்டு சோதனை முறைகள். ஒன்றில் இன்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்று, மற்றதில் 900 சுற்று, கலவையும் நன்றாகச் சூடேறியிருக்கும். இருபது சதவீத எத்தனால் கலப்பு வருவதற்கு முன் நம் சாதாரண பிஎஸ் 6 பெட்ரோலுக்கு முதல் முறையில் குறைந்தது 91, இரண்டாவதில் 81 என்று இருந்தது. பங்கில் காட்டுவது முதல் எண்ணை. 'மென்சோதனை எண்', 'கடுஞ்சோதனை எண்' என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் பட்டறையில் இதைச் சொன்னால் எடுபடுமா, கேட்டு எழுதுங்கள்.