வெந்நீர் ஊற்றினால் 50 ரூபாய்: இதுதான் கடுமையான சட்டமா?

உப்புக்காற்று (மண்டபம்), இரவு 8.40

தெருநாய்த் தொல்லை பற்றிய இழையில் 'சட்டப்பிரிவு' என்ற பெயரில் எழுதும் தம்பி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "விலங்குகளுக்கு ஏற்கெனவே கடுமையான சட்டம் இருக்கிறது, ஐந்து வருஷம் சிறை இருக்கிறது, புதுச்சட்டம் கேட்பதெல்லாம் வேலையற்றவர்கள் பேச்சு" என்று எழுதியிருந்தார். அங்கே பதில் சொன்னால் நாய்க்கடிப் பேச்சில் அமுங்கிவிடும். அதனால்தான் தனி இழை.

1960-ஆம் வருஷத்து விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11. அடித்தாலும் உதைத்தாலும் சித்திரவதை செய்தாலும் பட்டினி போட்டாலும் முதல் தடவைக்கு 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மேற்படாமல் அபராதம். மூன்று வருஷத்துக்குள் மறுபடி செய்தால் 25-லிருந்து 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்றைக்கும் இதுதான் நிலவரம். 50 ரூபாய்க்கு மண்டபம் சந்தையில் கால் கிலோ நண்டு வராது.

எங்கள் தெரு முனையில் ஒரு செவலை நாய், குட்டி போட்டு பத்து நாள். யாரோ கொதிக்கிற வெந்நீரை முதுகில் ஊற்றிவிட்டார்கள். நான் தூக்கப் போனபோது ரோமம் கொத்தாகக் கையோடு வந்தது. அடியில் தோல், தண்ணீரில் ஊறிய காகிதம் மாதிரி நழுவியது. அந்த நிலையிலும் ஐந்து குட்டியும் பால் குடித்துக்கொண்டிருந்தன, அது எழுந்திருக்கவில்லை. ஊற்றியது யார் என்று தெருவுக்கே தெரியும். புகார் கொடுக்கப் போன இடத்தில், "அம்மா, 50 ரூபாய் கேஸு, இதற்கு நீங்கள் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கி வர வேண்டும்" என்றார்கள். ஐந்து வருஷம் எங்கே இருக்கிறது, தம்பி?

சட்டப்பிரிவு (இராமநாதபுரம்), இரவு 9.05

அக்கா, கோபம் நியாயம், ஆனால் தகவல் தவறு. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. பிரிவு 325: எந்த விலங்கையும் கொன்றால், விஷம் வைத்தால், ஊனப்படுத்தினால் ஐந்து வருஷம் வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தில் 428, 429 என்று இரண்டு பிரிவு. 10 ரூபாய் மதிப்புள்ள விலங்கு, 50 ரூபாய் மதிப்புள்ள விலங்கு என்று பிரித்திருந்தார்கள். நீங்கள் அந்த 50 ரூபாயைப் பிடித்துக்கொண்டு அபராதம் என்கிறீர்கள். அது விலங்கின் விலை. வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துவிட்டு இழை தொடங்கினால் இப்படித்தான் ஆகும்.

உப்புக்காற்று, இரவு 9.14

விலை வேறு, அபராதம் வேறு என்று எனக்குத் தெரியும். நான் சொன்னது 429 இல்லை, 1960 சட்டத்தின் 11. அதிலும் 50 ரூபாய் இருக்கிறது. எடுத்துப் படியுங்கள். பத்து வருஷமாக நாய்க்குக் கட்டுப் போடுகிற கை இது, வாட்ஸ்அப்பில் படிக்க எனக்கு நேரமில்லை.

கீதாரி மகன் (உச்சிப்புளி), இரவு 9.31

உங்கள் செவலை நாய்க்கு இவ்வளவு பேசுகிறீர்களே, எங்கள் ஆட்டுக்கு யார் பேசுவது? மீன்பிடித் தடைக்காலம் இரண்டு மாதம், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. கரையில் மீன் கழிவு விழாது. அதைத் தின்று பழகிய நாயெல்லாம் கூட்டமாக உள்ளே வரும். போன வருஷம் எங்கள் பட்டியில் ஒரே ராத்திரியில் ஒன்பது உருப்படி. எல்லாம் நம்ம ஊர் வெள்ளைச் செம்மறி. தின்னக்கூட இல்லை, மடியையும் தொண்டையையும் கிழித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டன. சினையாக இருந்த ஒன்று விடியும்வரை உயிரோடு கிடந்தது. எங்க அப்பா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆடு வாயில்லா ஜீவன் இல்லையா? நாய்க்குச் சட்டம் கேட்கிறவர்கள் அதற்கும் ஒரு வரி எழுதுங்கள்.

நாட்டுப்படகு (பாம்பன்), இரவு 9.40

சட்டம் போதவில்லை என்று சொல்கிறவர்களை எங்கள் கரைக்கு வரச் சொல்லுங்கள். 2001-ல் கடல் அட்டையை வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள். அன்றையிலிருந்து எங்கள் ஆள் வலையில் தானாக வந்து விழுந்த அட்டைக்குக்கூடக் கேஸ், ஏழு வருஷம் வரை சிறை. அக்கரையில் இலங்கைக்காரன் அதையே பண்ணை போட்டு வளர்த்து விற்கிறான். நாயை வேகவைத்தால் 50 ரூபாய், அட்டையைத் தொட்டால் ஏழு வருஷம். இது என்ன கணக்கு?

உப்புக்காற்று, இரவு 9.47

நாட்டுப்படகு அண்ணே, பாருங்கள், நீங்களே 50 ரூபாய் என்று சொல்லிவிட்டீர்கள். சட்டப்பிரிவு தம்பிக்கு மட்டும்தான் கண்ணில் படவில்லை.

கீதாரி மகன், உங்கள் அப்பா உட்கார்ந்திருந்ததைப் படித்து எனக்கும் கண்ணீர் வந்தது. ஆனால் அந்த நாயைப் பெருகவிட்டது யார்? விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் 2001-லேயே வந்துவிட்டன, 2023-ல் புதிதாகவும் எழுதினார்கள். கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு விட வேண்டும் என்பது உள்ளாட்சியின் பொறுப்பு. அதைச் செய்யாததற்கு நாயின் முதுகில் வெந்நீரா?

சட்டப்பிரிவு, இரவு 9.58

மறுபடியும் 50 ரூபாய். அக்கா, பொதுச்சட்டத்தில் ஐந்து வருஷம் இருக்கும்போது பழைய சட்டத்தில் 50 ரூபாய் இருந்தால் என்ன? புகாரில் 325 என்று எழுதிக் கொடுத்திருந்தால் வழக்குப் பதிந்திருப்பார்கள். எழுதத் தெரியாதது உங்கள் தவறு, சட்டத்தின் தவறு இல்லை.

உப்புக்காற்று, இரவு 10.09

எழுதத் தெரியாதா? 325 என்றுதான் எழுதினேன், பச்சை மையில் அடிக்கோடும் போட்டேன். அதற்கு வந்த பதிலைக் கேளுங்கள். கொன்றாயா? சாகவில்லை. விஷமா? இல்லை. ஊனமா? நாலு காலும் நடக்கிறது. அப்புறம் இன்னொன்று. அந்தப் பிரிவு நிற்கிற இடமே சொத்துக் குற்றங்களின் அத்தியாயம். ஒருவருக்கோ பொதுமக்களுக்கோ நஷ்டம் உண்டாக்கும் சேதம் என்ற தலைப்பில் வருகிறது. தெருநாய் யாருடைய சொத்து, யாருக்கு நஷ்டம் என்று கேட்டால் நான் என்ன சொல்ல? நாய்க்கு வலித்தது என்று எழுத அந்தப் பிரிவில் இடமே இல்லை. வலியைப் பேசுகிற சட்டம் 1960 சட்டம் ஒன்றுதான், அதில் இருப்பது 50 ரூபாய். இதைத்தான் முதல் வரியிலிருந்து சொல்கிறேன்.

இந்தச் சட்டம் வரக் காரணமே மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். 1950-களில் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியவர். விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவர்தான். 2022 நவம்பரில் திருத்த வரைவு ஒன்றை மத்திய அரசு வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தும் கேட்டது. கொடூர வதைக்கு 50,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், ஒன்று முதல் மூன்று வருஷம் வரை சிறை என்றெல்லாம் அதில் இருந்தது. நானும் என் கைப்பட எழுதி அனுப்பினேன். வரைவு வரைவாகவே கிடக்கிறது.

தேவிபட்டினத்தான், இரவு 10.15

எல்லாருக்கும் வணக்கம். ஒரு விஷயத்தை முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது. 1960 சட்டத்தில் விலங்கு என்றால் மனிதன் அல்லாத எந்த உயிரும் என்றுதான் இருக்கிறது. அப்படியானால் நாம் கொடுமை என்று எதைச் சொல்கிறோம்? வளர்ப்புப் பிராணி, தெருப்பிராணி, கால்நடை மூன்றுக்கும் ஒரே அளவா? கட்டிப்போட்டே வளர்ப்பது, வண்டியில் திணித்து ஏற்றுவது, விரட்ட ஒரு கல் எறிவது, இதெல்லாம் எதில் சேரும்? அதைப் பேசிவிட்டுத் தண்டனைக்குப் போகலாமே.

நாட்டுப்படகு, இரவு 10.19

எந்த உயிரும் என்றால் மீனும்தானே? நாளைக்குச் சட்டத்தைக் கடுமையாக்கி, வலையில் துடிக்கிற சூடைக்கும் நெத்திலிக்கும் எங்கள் மேல் கேஸ் போடுவீர்கள். அட்டைக்குப் போட்டவர்கள் மீனுக்குப் போட மாட்டார்களா? பட்டவனுக்குத்தான் தெரியும்.

சட்டப்பிரிவு, இரவு 10.22

அண்ணே, உணவுக்காகக் கொல்வதற்கு அதே 11-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது, தேவையில்லாமல் வதைத்தால்தான் குற்றம். மதச் சடங்குப்படி அறுப்பதற்கு 28-இல் விலக்கு. பயப்பட வேண்டாம்.

நாட்டுப்படகு, இரவு 10.24

அட்டைக்கும் அன்றைக்குப் பயப்பட வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்.

ஏர்வாடி நிலா, இரவு 10.36

நான் பொதுவாக எழுதுவதில்லை. என் மகன் இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூட வாசலில் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் கழுவினேன், அவன் அலறிய அலறல் இன்னும் காதில் இருக்கிறது. 0, 3, 7, 28 என்று நாள் எண்ணி நாலு ஊசி. 28-ஆம் நாள் முடிகிறவரை நான் தூங்கவில்லை. வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். 2025 நவம்பர் 7-இல் உச்ச நீதிமன்றமே பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் இங்கெல்லாம் இருக்கிற நாய்களைப் பிடித்துக் காப்பகத்துக்குக் கொண்டுபோங்கள், அதே இடத்தில் திரும்ப விடாதீர்கள் என்று சொல்லிவிட்டது. பிடித்ததை எங்கே வைப்பார்கள் என்று யாராவது சொல்லுங்கள். அக்கா, வெந்நீர் ஊற்றியது பாவம்தான். என் பிள்ளைக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உப்புக்காற்று, இரவு 10.51

நிலா, பிள்ளை நன்றாக இருக்க வேண்டும். மறுநாளே நானும் கூட வந்திருப்பேன், முன்னாலேயே தெரியாமல் போய்விட்டது. ஆனால் கடித்த நாயையும் வெந்த நாயையும் ஒன்றாகக் கட்டாதே, அம்மா. அதே நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-இல் என்ன சொன்னது? கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விடு, வெறிபிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடாதே, சோறு வைக்கத் தனி இடம் ஒதுக்கு. பிடிக்கச் சொன்ன இரண்டு உத்தரவிலும் அடிக்கச் சொல்லவில்லை. நாய்க்கு ஒழுங்காகத் தடுப்பூசி போட்டிருந்தால் உனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

கொடுமைக்குத் தண்டனை கேட்டால் நாய்க்கடி, ஆட்டுச்சாவு, கடல் அட்டை என்று எல்லாரும் அவரவர் காயத்தைக் காட்டுகிறீர்கள். எல்லாம் உண்மை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. 50 ரூபாய் போதுமா, போதாதா?

சட்டப்பிரிவு, இரவு 11.02

கேள்வியே தவறு என்றால் பதில் எப்படி வரும்? 325. ஐந்து வருஷம். இன்னொன்றும் சொல்கிறேன், எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும். உயிர்களுக்காக உருகுகிற இதே அக்காதான் இரண்டு வருஷம் முன்னால், கருவாட்டு வாடியிலிருந்து நாற்றம் வருகிறது, எடுக்கச் சொல்லுங்கள் என்று மனு போட்டவர். நாய் மேல் இருக்கிற இரக்கம் கருவாடு காயப்போட்டுப் பிழைக்கிற பெண்கள் மேல் இல்லை.

நாட்டுப்படகு, இரவு 11.05

அந்த மனு போட்டது நீங்களா?

உப்புக்காற்று, இரவு 11.10

மனு நாற்றத்துக்கு இல்லை. கழிவை மூடாமல் குவிக்கிறார்கள், அதைத் தேடித்தான் நாய் சேருகிறது, மூடச் சொல்லுங்கள் என்று எழுதினேன். கீதாரி மகன் சொல்கிற தடைக்காலப் பசியும் அதே குப்பையில்தான் தொடங்குகிறது. சட்டப்பிரிவு தம்பிக்கு என் மேல் கோபம் இன்றைக்கு வந்தது இல்லை, ஊருணி தூர்வாரும் இழையில் நான் கணக்குக் கேட்டதிலிருந்து இருக்கிறது.

சட்டப்பிரிவு, இரவு 11.13

ஊருணிக் கணக்கை ரசீதோடு போட்டிருந்தேன். நீங்கள் பார்க்கவில்லை. 325-ஐப் பார்க்காத மாதிரியேதான்.

கீதாரி மகன், இரவு 11.20

வாடியில் எங்க அத்தை வேலை பார்த்தாள். அந்த மனுவுக்கு அப்புறம் மூன்று மாதம் சும்மா இருந்தாள். அக்கா இதற்குப் பதில் சொல்லட்டும், அப்புறம் நாய்க்கு வருவோம்.

தேவிபட்டினத்தான், இரவு 11.26

கொடுமை என்றால் என்ன என்று நான் கேட்டதை யாராவது பார்த்தீர்களா?

உப்புக்காற்று, இரவு 11.48

வாடியை மூடச் சொல்லவில்லை, கழிவுக்கு மூடி போடச் சொன்னேன். மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது, நாளைக்குப் படம் எடுத்துப் போடுகிறேன். அத்தையிடம் நானே போய்ப் பேசுகிறேன், எந்தத் தெரு என்று சொல்லுங்கள்.

இப்போது செவலைக்கு மருந்து போட்டுவிட்டு வந்தேன். முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் சிவப்பாகவே இருக்கிறது, ஈ உட்காராமல் இருக்கப் பழைய கொசுவலையைப் போர்த்தி வைத்திருக்கிறேன். ஐந்து குட்டியில் மூன்றுதான் இருக்கின்றன. 50 ரூபாய் என்பது 1960 சட்டம் பிரிவு 11-இல் இருக்கிறது. விடிந்ததும் அந்தப் பக்கத்தையும் படம் எடுத்துப் போடுகிறேன்.

சட்டப்பிரிவு, இரவு 11.51

325-ஆம் பிரிவின் பக்கத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

நாட்டுப்படகு, இரவு 11.55

மனுவின் படம் முதலில் வரட்டும்.