ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரிச் சுவர்கள் ஏன் பொருக்குத் தட்டுகின்றன?

கேள்வி: பழைய படங்களில் சுவரின் மேல்பகுதி கறுத்து, தோல் உரிந்தாற்போல் இருக்கிறது. அடித்தளக் கல்லுக்கு அவ்வளவு சேதமில்லை. ஒரே ஊர்க் கல்தானே?

பதில் 1: ஒரே ஊர், ஆனால் இரண்டு ரகம். இரண்டும் ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய ஹெடிங்டனில் வெட்டிய சுண்ணாம்புக் கல்தான். அடியில் வைத்தது கடினக் கல். மேலே, செதுக்க எளிதான மென்கல். நிலக்கரிப் புகையின் கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து கல்லின் மேற்பரப்பை ஜிப்சமாக்கும். மழை கழுவாத இடத்தில், உதாரணமாக ஜன்னல் விளிம்புக்கு அடியில், அது கரியைப் பிடித்துக் கறுப்புப் பொருக்காக இறுகும். பிறகு கொப்புளம் போல் உப்பி வெடிக்கும். உள்ளே வெறும் மாவு.

பதில் 2: ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷெல்டோனியன் அரங்கின் வேலியில் உள்ள தலைச் சிலைகளைப் பாருங்கள். 1669-இல் வைத்தவை தேய்ந்து, 1868-இல் மாற்றினார்கள். அப்போது புதிதாக வைத்த கல் மட்டமான ரகம். நூறாண்டில் மூக்கும் முழியும் போயிற்று. இப்போதுள்ளவை 1970-72-இல் சிற்பி மைக்கேல் பிளாக், கிளிப்ஷாம் என்ற சுண்ணாம்புக் கல்லில் செதுக்கியவை.

கேள்வி கேட்டவர்: இடுக்குகளை சிமென்ட் வைத்து அடைத்தால்?

பதில் 1: அதுதான் பெரிய தப்புங்க. சிமென்ட் ஈரத்தை விடாது. ஈரம் கல் வழியே வெளியேறும், உப்பும் கூடவே வந்து கல்லின் ஓரத்தைத் தின்னும். கடைசியில் சிமென்ட் கோடு மட்டும் துருத்தி நிற்கும். 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல் என்ற சாந்தே பொதுவாகப் போதும். கல்லைவிடச் சாந்து மெத்தென்று இருக்க வேண்டும்.

பதில் 3: கழுவும்போதும் கவனம். பனித்தூவலாக, விட்டு விட்டுத் தெளியுங்கள். தண்ணீரை ஊற்றித் தள்ளினால் உள்ளே கற்களை இணைக்கும் இரும்புப் பிடிகள் துருவேறி உப்பிக் கல்லைப் பிளந்துவிடும்.