மறைந்திருக்கும் எச்.ஐ.வி.யை நிர்ப்பீடனச் சமிக்ஞைகளால் எழுப்புவது சரியா?

சேந்தன் (வெள்ளவத்தை) எழுதியது:

காலி வீதியில் ஒரு மருந்துக்கடையின் கண்ணாடியில் சூரண விளம்பரம் ஒன்று ஒட்டியிருக்கிறது. நிர்ப்பீடனத்தைத் தூண்டிவிட்டால் கலங்களுக்குள் ஒளிந்திருக்கும் எச்.ஐ.வி. தானாக வெளியேறி அழிந்துவிடும் என்று அது சொல்கிறது. அதை நம்பி எவரும் எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதை முதலில் அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த விளம்பரத்தைக் கண்டித்து நேற்று இங்கு எழுதிய மாதுமை அக்கா, நிர்ப்பீடனச் சமிக்ஞைகளைக் கொண்டு வைரசை எழுப்பும் ஆராய்ச்சியையும் சேர்த்தே நிராகரித்திருந்தார். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

மாத்திரைகள் வைரசு பெருகுவதைத் தடுக்கின்றனவே தவிர, ஓய்வுநிலையில் இருக்கும் சி.டி.4 நினைவுக் கலங்கள் என்ற நிர்ப்பீடனக் கலங்களின் டீ.என்.ஏ.யில் பதிந்துவிட்ட வைரசைத் தொடுவதில்லை. மீண்டும் பெருகும் வல்லமையுள்ள வைரசைத் தாங்கிய கலங்கள், ஓய்வுநிலைக் கலங்களில் ஏறத்தாழ பத்து இலட்சத்துக்கு ஒன்று என்ற அளவிலேயே இருக்கின்றன. அப்படியிருந்தும் அவற்றின் தொகை பாதியாகக் குறையச் சுமார் 44 மாதங்கள் ஆகும் என்றும், முற்றாக ஒழிய 73 ஆண்டுகள் செல்லும் என்றும் 2003இல் வெளியான ஆய்வு கணித்தது. இருபத்தைந்து வயதில் தொற்றுக்குள்ளானவரிடம் இதைச் சொல்லிவிட்டுப் பொறுத்திருங்கள் என்று கூற எனக்கு மனம் வரவில்லை.

எழுப்புவதற்கான வழி கலத்துக்குள்ளேயே இருக்கிறது. ஓய்வுநிலைக் கலத்தில் என்.எஃப்.-கப்பா-பி என்ற புரதம் இன்னொரு புரதத்தின் பிடியில் சிக்கிக் குழியவுருவிலேயே தங்கியிருக்கும். டி.என்.எஃப்.-அல்ஃபா போன்ற சைற்றோகைன் (நிர்ப்பீடனக் கலங்களுக்கிடையே சமிக்ஞை காவும் புரதம்) ஒன்று கலத்தின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் வந்து பொருந்தியதும் அந்தப் பிடி அழிக்கப்படுகிறது. விடுபட்ட புரதம் கருவினுள் நுழைந்து, தொற்றை எதிர்க்கும் பரம்பரையலகுகளை இயக்குகிறது. அதே புரதம் வந்து அமர்வதற்கான இடங்களை எச்.ஐ.வி.யும் தன் பரம்பரைத் தொடரின் முனையில் வைத்திருக்கிறது. ஆகவே உடல் தன்னைக் காத்துக்கொள்ள விடுக்கும் கட்டளையே வைரசையும் எழுப்புகிறது. எழுந்த வைரசு தன் புரதங்களைக் கலத்தின் மேற்பரப்பில் காட்டும்போதுதான் அந்தக் கலத்தை இனங்கண்டு கொல்ல முடியும்.

மாதுமை (கொட்டாஞ்சேனை) எழுதியது:

தம்பி சேந்தன், அந்த ஆராய்ச்சி வீண் என்று நான் எழுதவில்லை; ஆபத்தானது என்றே எழுதினேன். நெதர்லாந்தில் மூன்று நோயாளர்களுக்கு, டீ கலங்களை (சி.டி.4, சி.டி.8 கலங்கள் அடங்கிய வகை) ஒட்டுமொத்தமாகத் தூண்டும் பிறபொருளெதிரியையும் இன்ரர்லூக்கின்-2 என்ற சைற்றோகைனையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 1999இல் வெளியானது. பக்கவிளைவுகள் கடுமையாக இருந்தன, சி.டி.4 கலங்கள் நீண்ட காலத்துக்குக் குறைந்துபோயின, மறைந்திருந்த வைரசோ ஒழியவில்லை.

அதைவிட எனக்குக் கவலை தருவது இன்ரர்லூக்கின்-7. நினைவுக் கலங்களை உயிரோடு வைத்திருப்பதும், தொகை குறையும்போது அவற்றை மெல்லப் பிரியச் செய்து ஈடுகட்டுவதும் அந்தச் சமிக்ஞையின் வேலை. கலம் இரண்டாகப் பிரியும்போது அதன் டீ.என்.ஏ.யில் பதிந்திருக்கும் வைரசும் இரண்டாகிறது. வைரசுப் புரதம் ஒன்றுகூட உருவாக வேண்டியதில்லை, புதிய கலம் எதையும் தொற்ற வேண்டியதுமில்லை, எனவே மாத்திரையால் தடுக்கக்கூடிய படி எதுவும் அங்கே நிகழ்வதில்லை. இந்தச் சமிக்ஞையை மருந்தாகப் பெற்ற நோயாளர்களில் சி.டி.4 எண்ணிக்கை உயர்ந்தபோது, வைரசு டீ.என்.ஏ. கொண்ட கலங்களும் கூடவே பெருகின. களை பிடுங்கப் போன இடத்தில் களைக்கே உரமிட்டதுபோல் ஆயிற்று. மறைந்த வைரசைத் தாங்கிய கலங்களின் சேமிப்பு, ஒரே கலத்திலிருந்து கிளைத்த குலங்களாகப் பெருகுகிறது என்பதை 2014இல் வெளிவந்த ஆய்வுகளும் உறுதிப்படுத்தின. நீங்கள் சொல்லும் கணக்கில் 44 மாதங்கள் ஆவதற்கே இந்தப் பெருக்கம் ஒரு முக்கிய காரணம்.

சேந்தன் எழுதியது:

அக்கா, நீங்கள் காட்டுபவை அகலமாகத் தூண்டும் சமிக்ஞைகள். என்.எஃப்.-கப்பா-பி.க்கு மெதுவாக இயங்கும் இரண்டாவது வழி ஒன்றும் உண்டு. அதை மட்டும் திறக்கும் மருந்தை, சிகிச்சையில் இருந்த குரங்குகளுக்குக் கொடுத்தபோது, டீ கலங்களைப் பரவலாகத் தூண்டாமலே பல குரங்குகளின் குருதியில் வைரசு தென்பட்டது. 2020இல் அது வெளியானது. அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வில், இன்ரர்லூக்கின்-15இன் வலுவூட்டிய வடிவத்தைக் கொடுத்துச் சி.டி.8 என்ற கொல்லும் கலங்களையும் அகற்றியபோது, வைரசு அதுவரை காணாத அளவில் எழுந்தது. அந்தக் கலங்கள் தொற்றிய கலங்களைக் கொல்வதோடு நில்லாமல் வைரசை மௌனமாகவும் வைத்திருக்கின்றன என்று இதனால் அறிகிறோம். சமிக்ஞைகளை இயக்கிப் பார்க்காமல் இதை எப்படி அறிந்திருக்க முடியும்?

மாதுமை எழுதியது:

அறிவு கிடைத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இரண்டு ஆய்விலும் வைரசு எழுந்ததே தவிர, சேமிப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. அதற்கும் மேலாக, எழுந்த வைரசை அழிக்க வேண்டிய சி.டி.8 கலங்களை அகற்றினால்தான் அது நன்றாக எழுகிறது என்றால், எழுந்த பின் கொல்லப்போவது யார்? பிரித்தானியாவில் 60 பேரிடம் நடந்த ஒரு பரிசோதனையில் எழுப்பும் மருந்தோடு, கொல்லும் கலங்களைத் தயார்ப்படுத்தும் தடுப்பூசியும் கொடுக்கப்பட்டது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கும் அவர்களுக்கும் சேமிப்பில் வேறுபாடு தெரியவில்லை. ஆய்வுகூடத் தட்டில் கலங்களை உச்ச அளவில் தூண்டினாலும் ஒரே முறையில் எல்லா வைரசும் எழுவதில்லை என்று 2013இலேயே காட்டிவிட்டார்கள். பாதி எழுந்து பாதி உறங்கும் நிலை நோயாளிக்கு எந்த வகையிலும் குணமாகாது.

மருதானை வாசகர் எழுதியது:

நான் பல ஆண்டுகளாகக் கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரையை எடுத்து வருபவன். குருதியில் வைரசு அளவிட முடியாத நிலையில் இருக்கிறது. உங்கள் இருவரையும் வாசித்த பின் ஒரு பயம் வந்துவிட்டது. காய்ச்சலோ தடுப்பூசியோ இதே சமிக்ஞைகளைத் தானே எழுப்பும்? இன்ஃப்ளுவென்சா ஊசி போட வேண்டாம் என்று இருந்துவிடலாமா?

மாதுமை எழுதியது:

ஐயா, தயவுசெய்து ஊசியைத் தவிர்க்காதீர்கள். காய்ச்சலின்போதோ தடுப்பூசிக்குப் பின்னரோ சில கலங்கள் விழித்து, குருதியில் வைரசு சிறிதளவு தென்பட்டு மறையக்கூடும். மாத்திரை உடலில் இருக்கும்வரை அந்த வைரசு புதிய கலத்தில் பதிந்து பெருக முடியாது. நானும் சேந்தனும் வாதிடுவது ஆய்வுகூடங்கள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைப் பற்றி மட்டுமே. உங்கள் சிகிச்சையில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

எந்தப் பக்கம் என்றால், நான் வைரசை எழுப்பாமல் உறக்கத்திலேயே பூட்டிவைக்கும் பக்கம். மருந்தில்லாமலே வைரசை அடக்கி வாழும் சிலரின் கலங்களை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். அவர்களிடம் எஞ்சியிருந்த முழுமையான வைரசுகள் பெரும்பாலும் பரம்பரையலகுகள் அரிதான, சமிக்ஞை எட்டாத பகுதிகளில் பதிந்திருந்தன. வைரசு இருந்தது, பேசவில்லை, அவ்வளவுதான். மருந்தால் அந்த நிலையை உண்டாக்க முயல்வது, உடல் முழுவதையும் கொதிக்கவிடுவதைவிட மனிதருக்கு ஏற்றது.

சேந்தன் எழுதியது:

சமிக்ஞை என்றால் கூட்டுவது மட்டும் அல்ல, அக்கா. சிகிச்சைக்குப் பின்னும் முதல் வகை இன்ரர்பெரோன் என்ற நிர்ப்பீடனச் சமிக்ஞை ஓயாமல் சுரந்துகொண்டிருப்பதால் கொல்லும் கலங்கள் சோர்ந்துபோகின்றன. மனிதக் கலங்கள் பொருத்திய எலிகளில், மாத்திரையோடு அந்தச் சமிக்ஞையையும் தடுத்தபோது சோர்வு தணிந்து சேமிப்பும் குறைந்ததை 2017இல் இரண்டு குழுக்கள் காட்டின. தொற்றின் தொடக்கத்தில் அதே சமிக்ஞையைத் தடுத்தால் குரங்குகளில் நோய் விரைவுபடுகிறது என்று நீங்கள் 2014ஆம் ஆண்டு ஆய்வைக் காட்டுவீர்கள், அது உண்மை. எந்தக் காலத்தில் என்பதுதான் கேள்வி. பூட்டு என்றைக்கோ ஒருநாள் திறந்துகொள்ளாது என்பதற்கு உங்களிடம் என்ன உறுதி இருக்கிறது? பிறந்து 30 மணி நேரத்தில் சிகிச்சை தொடங்கப்பட்ட, அமெரிக்காவின் மிசிசிப்பியைச் சேர்ந்த எச்.ஐ.வி. குழந்தைக்கு மருந்து நின்ற பின்னும் 27 மாதங்கள் வைரசு தென்படவில்லை. 2014இல் திரும்பி வந்துவிட்டது.

மருதானை வாசகர் எழுதியது:

நீங்கள் எழுப்பினாலும் பூட்டினாலும், பலன் கிடைத்ததா என்று பார்ப்பதற்கு ஒருவர் மாத்திரையை நிறுத்தித்தானே ஆக வேண்டும்? நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் வைரசு திரும்பிவிடும் என்று என் வைத்தியர் சொல்லியிருக்கிறார். என் மனைவிக்குத் தொற்று இல்லை. நான் மாத்திரை தவறாமல் எடுப்பதால்தான் அவருக்குத் தொற்றிவிடும் என்ற பயமில்லாமல் இதுவரை இருக்கிறேன். அந்த வாரங்களில் அவருக்கு என்ன பாதுகாப்பு?

சேந்தன் எழுதியது:

நியாயமான கேள்வி, ஐயா. அத்தகைய பரிசோதனைகளில் குருதியை அடிக்கடி எடுத்து அளந்து, வைரசு முன்கூட்டியே தீர்மானித்த அளவைத் தாண்டியதும் மாத்திரையை மீண்டும் தொடங்குவார்கள். துணைவருக்கு எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரை கொடுக்க வேண்டும் என்ற வற்புறுத்தலும் இருக்கிறது. அவருக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லாமல், உங்கள் ஒருவரின் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு நடக்கும் பரிசோதனை எதுவானாலும், அது எழுப்புவதற்காக இருந்தாலும்கூட, அதில் சேர வேண்டாம் என்றே உங்களுக்குச் சொல்வேன்.